வண்டியின் மஞ்சள் விளக்கும் கடலோர உப்புக் காற்றும்

பஞ்சாயத்துக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டும்போது, அண்மைக் காலமாக ஒரு புதிய வரி நம் கண்ணில் படுகிறது. "வண்டி பழுது பார்த்த வகையில், சென்ஸார் மாற்றியது" என்பதே அவ்வரி. முன்னர் டயருக்கும், பாட்டரிக்கும், எண்ணெய்க்கும், பட்டை ஸ்பிரிங்குக்கும் செலவு எழுதி வந்தோம். அவை கண்ணால் கண்டு கையால் தொட்டறியக் கூடிய பழுதுகள். சென்ஸார் என்பதோ கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு பொருள். அது கெட்டதா, நல்லதா என்பதைப் பார்வையால் அறிய இயலாது. பட்டறைக்காரர் சொல்வதே முடிவு. அவர் எழுதுவதே பில். இந்நிலையில், செலவுக்குக் கையெழுத்திடும் அங்கத்தினர்களும், சொந்தமாக டிராக்டரோ சரக்கு வண்டியோ வைத்திருக்கும் விவசாயிகளும் இவ்விஷயத்தில் சிறிது தெளிவு பெறுவது அவசியமாகிறது.

செங்கற்பட்டு ஜில்லாவில், கோவளத்திற்கும் கடப்பாக்கத்திற்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள ஒரு பஞ்சாயத்தில் நாம் நேரில் கண்டதை முதலில் கூறுகிறோம். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. குப்பை சேகரிப்பதற்காக அப்பஞ்சாயத்து ஒரு சிறு டீசல் சரக்கு வண்டியை வைத்திருக்கிறது. ஒரு நாள் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில், எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டி நிற்கவில்லை, ஆனால் ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றியது, டீசலும் கூடுதலாகச் செலவாயிற்று. பட்டறையில் ஸ்கேனர் கருவியைப் பொருத்திப் பார்த்து, "உஷ்ண சென்ஸார் போய்விட்டது" என்றார்கள். புதியது மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. மூன்று வாரங்கள் சென்றன. விளக்கு மறுபடி எரிந்தது. "போட்ட சென்ஸார் மட்டமானது, கம்பெனிச் சரக்கே போட வேண்டும்" என்றார்கள். அதையும் போட்டார்கள். விளக்கு அணைந்தது. ஒரு மாதத்திற்குள் மூன்றாம் முறையாக எரிந்தது.

மூன்றாம் முறை பார்த்தவர் அவ்வூர் இளைஞர் ஒருவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி முடித்து, மறைமலைநகர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் புதிய பொருள் எதையும் கேட்கவில்லை. சென்ஸாரில் மாட்டியிருந்த பிளக்கைக் கழற்றி, அதன் வாயைச் சூரிய வெளிச்சத்தில் காட்டினார். உள்ளிருந்த இரண்டு சிறு பித்தளைத் துளைகளில் ஒன்று பச்சை பூத்திருந்தது. பழைய செப்புக் குடத்தில் படியுமே, அதே களிம்பு. "சென்ஸார் மூன்றும் நல்லவைதான், அம்மா, அதற்குப் போகிற வழிதான் அடைத்திருக்கிறது" என்று அவர் பஞ்சாயத்துத் தலைவியிடம் கூறினார்.

அப்படியானால் புதிய சென்ஸார் போட்டபோதெல்லாம் விளக்கு அணைந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை தெரிந்தால், இவ்விஷயத்தில் பாதி தெரிந்ததாகும். சென்ஸாரை மாற்றுவதற்குப் பிளக்கைக் கழற்றி மாட்டியாக வேண்டும். அவ்வாறு கழற்றி மாட்டும்போது, உள்ளிருக்கும் உலோக முனைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. உராய்ந்த இடத்தில் களிம்பு சிறிது சுரண்டப்பட்டு, உலோகத்தோடு உலோகம் தொடுகிறது. சில நாட்கள் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. பின்னர் களிம்பு மீண்டும் படர்கிறது. ஆகவே, குணப்படுத்தியது புதிய சென்ஸார் அன்று. கழற்றி மாட்டிய செயலே. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பொருளை மாற்றினார், விளக்கு அணைந்தது, தம் முடிவு சரியென்று அவரும் நம்பினார்.

விளக்கு சொல்வது என்ன?

இந்த விளக்கு எப்படி நம் வண்டிகளுக்குள் வந்தது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். வாகனப் புகையால் காற்று கெடுவதைத் தடுக்க, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டின் வண்டிகளிலிருந்து, எஞ்சின் தன் கோளாறைத் தானே அறிந்து விளக்கின் மூலம் தெரிவிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1996இல் அது திருந்திய வடிவில் அந்நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. நம் நாட்டில் 2010க்குப் பின்னர் கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் படிப்படியாகப் புகுந்து, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் அமலானபின், புதிதாக விற்கப்படும் வண்டிகளில் தவறாது இடம்பெற்று விட்டது. டிராக்டர்களில் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின் எஞ்சின்களும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. நம் விவசாயிகளில் பெரும்பாலோரிடம் உள்ள அதற்குக் குறைந்த டிராக்டர்களுக்கு இத்தொல்லை பெரிதும் இல்லை.

எஞ்சினில் பல இடங்களில் சென்ஸார்கள் பொருத்தப்பட்டுள்ளன. தண்ணீரின் உஷ்ணம், உள்ளே செல்லும் காற்றின் அளவு, டீசல் குழாயின் அழுத்தம், தண்டு சுழலும் வேகம் ஆகியவற்றை அவை உணர்ந்து, கம்பிகளின் வழியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. மெக்கானிக்குகள் இப்பெட்டியை 'ஈ.சி.எம்.' என்கிறார்கள். எவ்வளவு டீசலை, எந்நேரத்தில் தெளிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இப்பெட்டியே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி சென்ஸாரைப் பார்ப்பதில்லை; கம்பியின் முனையில் வந்து சேரும் வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. ஏரிக் கணக்கை எழுதுபவர் ஏரிக்குப் போகாமல், வீட்டு வாசலில் ஓடும் வாய்க்காலைப் பார்த்தே மட்டத்தை எழுதுவதாக வைத்துக் கொள்வோம். வாய்க்கால் வறண்டால், ஏரி வறண்டது என்று அவர் எழுதுவார். நடுவழியில் கரை உடைந்திருக்கலாம். மதகில் குப்பை அடைத்திருக்கலாம். அதை அவர் அறியார்.

ஸ்கேனர் காட்டும் குறி எண்ணும் அத்தகையதே. நாம் மேலே கூறிய வண்டியில் வந்த எண் 'பி 0118'. இதன் பொருள், "குளிர்நீர் உஷ்ண சென்ஸாரின் சுற்றில் வோல்ட் அதிகம்" என்பதாகும். சுற்று என்றால் சென்ஸாரும், அதிலிருந்து பெட்டி வரையுள்ள இரண்டு கம்பிகளும், இடையிலுள்ள பிளக்குகளும் சேர்ந்த முழு வழி. "சென்ஸார் கெட்டது" என்று அவ்வெண் எவ்விடத்தும் கூறவில்லை. 'சுற்று' என்ற சொல்லை விட்டுவிட்டு வாசிப்பதால்தான் பஞ்சாயத்தின் பணம் வீணாகிறது.

இதன் கணக்கு எளிது. பெட்டி, சென்ஸாருக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. உஷ்ண சென்ஸார் என்பது, சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு பொருள். பல வண்டிகளில் அதன் தடை, 30 டிகிரி சூட்டில் 1,500 முதல் 2,500 ஓம் வரையிலும், எஞ்சின் நன்றாகச் சூடாகி 80, 90 டிகிரியை எட்டும்போது 200 முதல் 350 ஓம் வரையிலும் இருக்கும். தடை குறையக் குறையப் பெட்டி காணும் வோல்ட்டும் இறங்கும். கம்பி அறுந்தாலோ, களிம்பினால் தொடர்பு விட்டுப் போனாலோ, வோல்ட் இறங்க வழியின்றி 5 என்றே நிற்கும். அதைப் பெட்டி, "தண்ணீர் உறைபனியிலும் குளிர்ந்து, பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரியில் இருக்கிறது" என்று பொருள் கொள்ளும். சித்திரை வெயிலில், மாமல்லபுரத்துச் சாலையில்! இது நடவாத காரியம் என்று பெட்டிக்கும் தெரியும். எனவே விளக்கை எரியவிட்டு, எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக விசிறியை இடைவிடாமல் ஓட்டுகிறது. மாறாக, கம்பியின் உறை தேய்ந்து செம்பு எஞ்சின் உலோகத்தில் பட்டால், வோல்ட் பூஜ்யத்திற்கு இறங்கிவிடும். அப்போது வரும் எண் 'பி 0117'. எட்டு என்றால் பெரும்பாலும் வழி அறுந்தது, ஏழு என்றால் வழி எங்கோ கசிந்தது என்று இந்தச் சுற்றுக்கு நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

டிராக்டரிலும் பெரிய லாரியிலும் எண்கள் வேறு விதமாக, இரண்டு பகுதிகளாக வருவதுண்டு. முதற் பகுதி எந்தச் சுற்று என்பதையும், இரண்டாம் பகுதி என்ன கோளாறு என்பதையும் குறிக்கும். 110 என்பது குளிர்நீர் உஷ்ணம். '110, 3' என்று வந்தால் வோல்ட் அதிகம். '110, 4' என்றால் வோல்ட் குறைவு. இரண்டும் கம்பியைப் பார்க்கச் சொல்பவை. '110, 0' என்று வந்தாலோ, எஞ்சின் உண்மையாகவே கொதிக்கிறது என்று பொருள். அப்போது கம்பியை ஆராய்ந்து கொண்டிருக்கக் கூடாது. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அவ்வாறே, எண்ணெய் அழுத்தத்தையோ சூட்டையோ குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் வண்டியை அப்படியே நிறுத்த வேண்டும். பெட்ரோல் வண்டியில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினாலும் மேற்கொண்டு ஓட்டுதல் தகாது. நிலையாக எரியும் மஞ்சள் விளக்குக்கே இக்கட்டுரையில் கூறும் நிதானம் பொருந்தும்.

உப்பின் வேலை

கடலோர ஊர்களில் இப்பழுது மிகுதியாக வருவதற்குக் காரணம் உண்டு. அலை உடையும்போது எழும் நுண்ணிய திவலைகள் காற்றில் கலந்து, உப்பை ஊருக்குள் கொண்டு வருகின்றன. கரையிலிருந்து சில நூறு கஜ தூரத்திற்குள் இது கடுமையாகவும், உள்ளே செல்லச் செல்ல விரைவாகக் குறைந்தும் காணப்படும். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், அது ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகக் கசியும். சமையலறை உப்பு ஜாடியில் மழைக்காலத்தில் நாம் காண்பதே இது. ஆகவே, மழை பெய்யாவிட்டாலும் விடியற்காலையில் கடலோர வண்டியின் ஒவ்வொரு பிளக்கும் உப்பு நீரில் நனைந்ததற்கு ஒப்பாகிறது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகள் எவ்வளவு உப்பை வாங்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கற்களிலேயே இவ்வுப்பு இறங்கியிருக்கிறது. தொல்பொருள் துறையினர் காகிதக் கூழைச் சிற்பங்களின் மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுத்து வருகின்றனர். காற்றைத் தடுக்கச் சவுக்கும் வைத்தனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நின்ற பல்லவர் கல்லையே தின்னும் பொருளுக்கு, மயிர் போன்ற செப்புக் கம்பி எம்மாத்திரம்? காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காற்றில் வைத்து, அவை அரிக்கப்படும் விதத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. நம் கடலோரம் உலோகத்திற்குப் பகை என்பது புதிய செய்தியன்று. அப்பகை வண்டியின் நரம்புகளுக்குள் புகுந்திருப்பதே புதிது.

அதிலும், மின்சாரம் உள்ள இடத்தில் உப்பு நீர் இரட்டை வேகத்தில் வேலை செய்கிறது. ஒரே பிளக்குக்குள் அருகருகே 5 வோல்ட் முனையும் எர்த் முனையும் இருக்கும்போது, இடையில் உப்பு நீர் தங்கினால், வோல்ட் உள்ள முனையின் உலோகம் கரைந்து போகிறது. முலாம் பூசும் தொட்டியில் நடப்பதே இங்கும் நடக்கிறது. கரைந்த செம்பு, களிம்பாகி அடைக்கிறது. அன்றியும், பல இழைகளால் ஆன கம்பியின் உறைக்குள் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறுகிறது. வெளியே உறை புதிதுபோல் பளபளக்க, உள்ளே ஒரு சாண் தூரத்திற்குக் கம்பி கறுத்திருப்பதை நாமே வெட்டிப் பார்த்திருக்கிறோம்.

முகப்பு விளக்கின் கம்பியில் இப்படி நேர்ந்தால், விளக்கு மங்கும், எவரும் கண்டுகொள்வர். அதில் ஓடுவது 4, 5 ஆம்பியர். சென்ஸார் கம்பியில் ஓடுவதோ ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்கு. இங்கே சிறு தடையும் பெரிய பொய்யாகிவிடும். தண்ணீர் 80 டிகிரியில் இருக்கையில் சென்ஸாரின் தடை 320 ஓம் என்று கொள்வோம். களிம்பு 280 ஓம் கூட்டினால், மொத்தம் 600 ஆகிறது. அது 60 டிகிரிக்கு உரிய அளவு. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதிப் பெட்டி டீசல் தெளிப்பை அதற்கேற்ப மாற்றிக் கொள்கிறது. இந்நிலையில் விளக்கும் எரியாது. ஏனெனில் 60 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவே. விளக்கு எரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே டீசல் கணக்கு ஏறத் தொடங்குவதன் இரகசியம் இதுவாக இருக்கலாம். ஓட்டுநர்மேல் சந்தேகம் கொள்ளுமுன் பிளக்கைத் திறந்து பார்ப்பது நியாயமாகும்.

கடலை விட்டு உள்ளே, மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கங்களில் உப்பைவிட எலியே முதற்பகை. அறுவடைக் காலத்தில் வைக்கோற்போர் அருகே நிறுத்திய வண்டியின் சூடான எஞ்சின், எலிக்கு வசதியான இருப்பிடம். அது கம்பியைத் தின்பதில்லை. பல் தேய்ப்பதற்காகக் கடித்து வைக்கிறது. மற்றொரு பகை நாமே. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு, காற்று ஹாரன் என்று, கையில் கிடைத்த கம்பியை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிறோம். டிராக்டரைச் சர்வீஸ் நிலையத்தின் அழுத்த நீரால் எஞ்சினுக்குள்ளும் அடித்துக் கழுவுகிறோம். சேறு போகிறது, பிளக்குக்குள் நீர் புகுகிறது.

வாங்குமுன் சோதிக்கும் வழி

இப்போது சோதனைக்கு வருவோம். தேவையானவை இரண்டே: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று; எண்ணையும், எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சென்ஸாரின் அளவையும் காட்டும் ஸ்கேனர் ஒன்று. ஸ்கேனர் பட்டறையில் இருக்கும். முதலில் எண்ணைத் தாளில் எழுதிக் கொள்ள வேண்டும். எழுதாமல் அழித்துவிட்டால், கோளாறு நேர்ந்த சமயம் வண்டியின் வேகம், சூடு முதலியவற்றைப் பெட்டி குறித்து வைத்திருந்த விவரமும் சேர்ந்து அழியும். அழித்து அணைத்த விளக்கைப் பழுது நீங்கியதாகக் கருதுவது, காய்ச்சல்மானியை உதறி வைத்துவிட்டுக் காய்ச்சல் போயிற்று என்பதற்கு நிகர்.

அடுத்து, கண்ணால் பார்ப்பது. பிளக்கைக் கழற்றி, பச்சை, வெள்ளை, கருப்புப் பூச்சு ஏதேனும் உண்டா, முனை உள்ளே பின்வாங்கியுள்ளதா, ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிக் கற்றை எஞ்சின் மேல் உரசும் இடங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பாதிப் பழுதுகள் இங்கேயே அகப்பட்டுவிடும் என்பது நாம் கேட்ட மெக்கானிக்குகள் பலரின் அனுபவம்.

அகப்படாவிடில், இரண்டு கம்பிகள் மட்டுமே உள்ள உஷ்ண சென்ஸாருக்கு ஓர் அழகான சோதனை உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், ஸ்கேனரில் தண்ணீரின் உஷ்ணத்தைப் பார்த்துக் கொண்டே பிளக்கைக் கழற்ற வேண்டும். அளவு பூஜ்யத்திற்குக் கீழே 40 அல்லது அதனருகே இறங்க வேண்டும். 'பி 0117' வந்த வண்டியில் பிளக்கைக் கழற்றியபின்னும் அளவு கடுஞ்சூட்டிலேயே நின்றால், சென்ஸார் குற்றமற்றது. கம்பி எங்கோ உலோகத்தில் பட்டுக் கொண்டிருக்கிறது. பின்னர், கழற்றிய பிளக்கின் இரண்டு முனைகளையும் மெல்லிய கம்பித் துண்டால் இணைக்க வேண்டும். இப்போது அளவு மிக உயர்ந்த சூட்டிற்குத் தாவ வேண்டும். தாவினால், கம்பிகள் இரண்டும் பெட்டி வரை நன்றாக உள்ளன. சென்ஸாரின்மேல் சந்தேகம் கொள்ளலாம். தாவாமல் குளிரிலேயே நின்றால், வழி அறுந்திருக்கிறது. எத்தனை சென்ஸார் வாங்கினாலும் பயனில்லை. நம் பஞ்சாயத்து வண்டியில் நிகழ்ந்தது இதுதான். அளவு ஒரு கணம் தாவும். பிளக்கின் கழுத்தை அசைத்தால் மறுபடி விழும்.

ஸ்கேனர் இல்லாவிடில் மல்டிமீட்டரால், கழற்றிய பிளக்கின் இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். ஏறக்குறைய 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், ஒவ்வொரு முனையையும் பாட்டரியின் எதிர்முனையோடு வைத்து அளக்க வேண்டும். ஒன்றில் 5 வந்தால், அறுந்தது எர்த் கம்பி. எதிலும் வராவிட்டால், கோளாறு 5 வோல்ட் கம்பியிலோ பெட்டியிலோ இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: மீட்டர் மிகச் சொற்ப மின்சாரமே எடுப்பதால், ஒரே இழையில் தொங்கும் கம்பியும் அதற்கு 5 என்றே காட்டும். ஆகையால் கம்பியை அசைத்தபடியே அளக்க வேண்டும்.

மூன்று கம்பிகள் உள்ள அழுத்த சென்ஸார்களில் முனைகளை இணைக்கும் சோதனையைச் செய்யவே கூடாது. டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் கம்பிகளில் அபாயகரமான உயர் வோல்ட் உண்டு. எஞ்சின் ஓடும்போது டீசல் குழாயின் அழுத்தம் ஆயிரம் பார் அளவையும் தாண்டும். அதன் நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. பழைய வழக்கப்படி பல்பைக் கம்பியில் இணைத்துப் பார்ப்பதும் கூடாது. பல்பு இழுக்கும் மின்சாரம் பெட்டியையே கெடுத்துவிடலாம். கம்பியின் உறையில் ஊசி குத்திப் பார்ப்பதைக் கடலோரத்தில் அறவே தவிர்க்க வேண்டும். இன்று குத்திய துளையில்தான் நாளை உப்பு இறங்கும்.

பல எண்கள் ஒரே நாளில் வரும்போது என்ன செய்வது? அழுத்தம், காற்று, ஆக்ஸலரேட்டர் என மூன்று நான்கு சென்ஸார்களின் பெயர் சொல்லிப் பெரிய மதிப்பீடு தருவார்கள். அப்போதுதான் அங்கத்தினர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரே வாய்க்காலில் பாயும் நான்கு வயல்கள் ஒரே நாளில் காய்ந்தால், நாம் நான்கு வயல்களையும் தோண்டிப் பார்ப்பதில்லை, மடைக்குப் போகிறோம். பல சென்ஸார்களுக்கு ஒரே 5 வோல்ட் கம்பியும் ஒரே எர்த்தும் பொதுவாக அமைந்திருப்பது வழக்கம். ஒரு சென்ஸாரின் கம்பி உலோகத்தில் பட்டாலே மற்றவையும் சேர்ந்து வீழும். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிவர, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அங்கே குற்றம் இருக்கிறது. எஞ்சினுக்கும் பாட்டரிக்கும் உள்ள தடித்த எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது, எஞ்சின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அப்பட்டை அரிக்கப்பட்டிருக்கிறது.

சீர்செய்தல்

களிம்பு லேசாக இருந்தால், பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, மின்முனை துப்புரவுக்கென விற்கும் தெளிப்பானால் கழுவி, உலர்த்தி, மின்முனைகளுக்குரிய சிலிகோன் கிரீஸ் சிறிது தடவி மாட்டலாம். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். பின்னர் களிம்பு முன்னிலும் விரைவாகப் படரும். முனை தின்னப்பட்டிருந்தால் பிளக்கையே மாற்ற வேண்டும். கறுத்த கம்பியை, பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி நீக்கி, பற்றவைத்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போர்த்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலைக்குக் கடலோரத்தில் ஒரு மழைக்காலமே ஆயுள். உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டியில் நாமாகக் கம்பியை வெட்டலாகாது. கம்பெனி நிலையத்திற்கே கொண்டு செல்ல வேண்டும். ஆனால் அங்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

சோதனை செய்தபின் சென்ஸாரே கெட்டிருப்பதாகத் தெரிந்தால், தயங்காமல் மாற்ற வேண்டும். சென்ஸார்களும் கெடுகின்றன. நாம் வற்புறுத்துவது வரிசையை மட்டுமே.

பஞ்சாயத்துகள் இதைக் கணக்கு முறையிலேயே கொண்டுவரலாம். பழுது பில்லில் குறி எண் எழுதப்பட வேண்டும்; கம்பி சோதிக்கப்பட்டதா, பிளக்கைக் கழற்றியபோது அளவு எப்படி மாறியது என்பது ஒரு வரியில் இருக்க வேண்டும்; கழற்றிய பழைய பொருளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வண்டியின் லாக் புத்தகத்தில், விளக்கு எரிந்த தேதியோடு, காலையா மாலையா, மழையா வெயிலா, மேடுபள்ளத்தில் எரிந்ததா என்பதையும் ஓட்டுநர் எழுதுவாரானால், அது மெக்கானிக்குக்குப் பாதி வேலையை முடித்துத் தரும். விடியலில் எரிந்து உச்சிவேளையில் அணையும் விளக்கு ஈரத்தைக் காட்டுகிறது. குண்டு குழியில் மட்டும் எரிவது தளர்ந்த முனையைக் காட்டுகிறது. இவ்விவரத்தை எந்த ஸ்கேனரும் முழுமையாகத் தராது.

நாம் கண்ட பஞ்சாயத்தில், அவ்விளைஞர் புதிய பிளக் ஒன்றை ஒரு சாண் கம்பியோடு வைத்துப் பற்றவைத்தார். மூன்று சென்ஸார்களையும் ஒரு பாத்திரத்து வெந்நீரில் வைத்து, ஆற ஆற மீட்டரால் அளந்து காட்டினார். மூன்றின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி வந்தன. தலைவியார் அவற்றில் இரண்டைக் காகிதத்தில் மடித்து, தேதியெழுதி அலமாரியில் வைத்தார். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் நாம் மறுபடி அவ்வழியே சென்றபோது, வண்டி குப்பை ஏற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு, சாவி திருப்பும்போது ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. அலமாரியில் அவ்விரண்டும் அப்படியே இருந்தன.